வாரிசுகளைத் தேடி வரும் புரோக்கர்கள்

தாத்தாவின் கருமாதி முடிந்ததும் புரோக்கர் வந்துவிடுகிறார். திருச்சி, ஸ்ரீரங்கம் சுற்றுவட்டாரச் சேரிகளில் வேலை செய்கிற எனக்கு இது பழகிப்போன காட்சி. துக்கம் விசாரிப்பார். "இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் நானே எடுத்துத் தர்றேன்" என்பார். கையில் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஒரு 'பவர்' பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார். சம பங்குள்ள மகள்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதோடு சரி.

அது பஞ்சமி நிலமாக இருந்தால்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையால், 1892இல் அரசாணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்த விற்பனை செல்லாது.

"வாரிசு விரும்பித்தானே விற்றான்?" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கடனும் காலேஜ் ஃபீஸும் கழுத்தை நெரிக்கும்போது போடுகிற கையெழுத்துக்குப் பெயர் விருப்பமா? நம்மை இப்படித்தான் நெருக்குவார்கள் என்று தெரிந்துதான் அந்த நிபந்தனையே போடப்பட்டது. விற்றவர் மேல் பழி போடாதீர்கள். தெரிந்தே வாங்கியவரையும், கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்த அதிகாரியையும் கேளுங்கள்.

இந்த நிலத்தைக் கேட்டுப் போராடித்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள்.

தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய நிலப் பதிவேட்டின் நகலையும் வில்லங்கச் சான்றையும் கேட்டு மனுப் போடுங்கள். 'பஞ்சமி', 'டி.சி. நிலம்' என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை வீட்டில் யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜெய்பீம்.