பழைய கணித நூல்களும் தனிக் கல்வியும்

தமிழ் பயில்வான் ஒருவன் கணித நூலைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர் சிலர் நகைப்பர். ஆயினும் கணக்கதிகாரத்தைக் கையில் எடுக்கும் தமிழ் மாணவன், ஒரு மாவும் ஒரு காணியும் கூடி ஒரு மாகாணி ஆவது எங்ஙனம் என்று விளக்க வேண்டுமாயின், 1/20உம் 1/80உம் சேர்ந்து 1/16 ஆதலைத் தானே செய்து காட்டல் வேண்டும். இச்சிறு பின்னக் கூட்டலில் இடறுவோர் கலைப்பிரிவில் மட்டுமன்றி அறிவியற் பிரிவிலும் உளர். அவருட் பலர் பள்ளியில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் என்பதே வியப்பு.

அவ்வியப்புக்குக் காரணம் தொலைவில் இல்லை. சேலம் தொடங்கி இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரை பரந்த இச்சமவெளி, லாரிக்கும் கோழிமுட்டைக்கும் பெயர் பெற்றது போலவே விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றும் வழக்கம் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. அதனைக் களையவே அரசினர் 2018 மார்ச்சு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தனர். 2025-26 கல்வியாண்டு முதல் அதனை நீக்கியும் விட்டனர். தேர்வு வரும், போகும். அடித்தளம் இடப்பெறாதவன் அதைத் தானே இட்டுக்கொள்ளுதலன்றி வேறு வழியில்லை. தனிப்பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாத உழவர் மகனும், தறிக்காரர் மகளும் என் செய்வர்? பழைய பாடநூலை நாடுக என்பதே என் கருத்து.

இவ்விடத்து இராமாநுஜரை நினையாதிருத்தல் இயலாது. 1887இல் ஈரோட்டில் பிறந்த அவர்தம் குடும்பத்தார் வழிபட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். சீமைப் பயணத்தைப் பற்றி முடிவு காணுமுன், 1913 இறுதியில் அவர் அன்னையாரோடு நாமக்கல் வந்து சென்றார் என்பர். அவரது இளமையைப் பேசுவோர் எல்லாம் கார் என்பாரின் தொகுப்பு நூலையே எடுத்து மொழிவர். 1903இல் கும்பகோணம் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து அந்நூல் அவர் கைக்கு வந்தது மெய்யே. ஆனால் கார் யார்? மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தஞ் செய்த தனிப்பயிற்சியாளர். அவர் நூலோ சூத்திரங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, நிறுவலைக் குறிப்பளவில் விட்டுச் செல்வது. இற்றை நாளில் கடைதோறும் தொங்கும் ‘கைடு’ இனத்துக்கு மூத்த உறவு எனலாம். அதைப் பற்றி ஏறியவர் இராமாநுஜர். நம்மனோர் அதில் அமிழ்ந்தே போவோம்.

நாம் பின்பற்றத் தக்கது அதற்கு முன் நிகழ்ந்தது. தம் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவரிடம் லோனியின் திரிகோணகணித நூலை இரவல் பெற்று, பதின்மூன்றாம் அகவைக்குள் அவர் கற்று முடித்தார். 1893இல் வெளிவந்த அந்நூல் ஒரு கருத்தை முதலில் நிறுவும், பின் எடுத்துக்காட்டைச் செய்து காட்டும், அதன் பின்னரே பயிற்சிக் கணக்கைத் தரும், விடைகளையும் தரும். ஆசிரியரில்லாதவனுக்கு இவ்வொழுங்கு இன்றியமையாதது. ஹால், நைட் இருவரும் இயற்றிய இயற்கணித நூலும் (1885) இத்தகையதே, லோனியினும் எளியது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழியின் பதிப்புரிமை நீங்கும். லோனி மறைந்தது 1939இல். ஆதலின் அவர் நூலை எவரும் அச்சிடலாம். மலிவுப் பதிப்புகளும் உள. பழம் பதிப்பின் படியை இணையத்திற் காசின்றியும் பெறலாம். ஷில்லிங், பென்ஸ் கணக்குகளை மட்டும் கண்டு மலையாது தாண்டிச் செல்க. தாளுக்குப் பொருளில்லையேல் சிலேட்டு உண்டு. இராமாநுஜருக்கு அதுவே போதியதாயிற்று.

ஆங்கில நூலுக்குச் செல்லுமுன் நம் அரசுப் பாடநூல்களைப் பார்த்தல் நலம். 2018 முதல் புதிய பாடநூல்கள் வரவே, அவற்றுக்கு முந்திய சமச்சீர்க் கல்வி நூல்கள் பழைய பேப்பர்க் கடைகளில் எடைக்கு விழுந்தன. பாடத்திட்டம் மாறினால் என்? 1/20 அன்றும் இன்றும் 1/20 தானே! ஆறாம் வகுப்பு நூலிலிருந்தே தொடங்குக. கல்லூரி மாணவர் அதை வாங்க நாணுகின்றனர்; தம்பிக்கு என்று சொல்லி வாங்குவோரை யான் கண்டதுண்டு.

தமிழில் மேற்கணிதம் ஏது என்பார்க்கும் ஒரு சொல். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே ‘வீசகணிதம்’ வெளியிட்டார். 1970க்குப் பின் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக் கணிதத்தைத் தமிழில் நூல்களாக்கிற்று. அந்நிறுவனத்தின் பழைய நூல்கள் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவர்க்கும் கிடைக்கின்றன. தமிழ் மாணவரே அவற்றைத் திறப்பதில்லை.

நம் கல்லூரியாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பாடத்திட்டம் மாறியதும் நூலகங்கள் பழைய பாடநூலைக் கழித்துவிடுகின்றன. இந்திய நூலகத்துறைக்கு அடிகோலிய அரங்கநாதனாரோ சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர்! நம் நூலகத்திலும் ஓர் அலமாரியைப் பழைய கணித நூல்களுக்கு ஒதுக்குதல் வேண்டும். அவற்றின் இரவல் தவணை இரு வாரமன்றி ஓராண்டாதல் வேண்டும். கணிதத்தைத் தனியே கற்பவன் இரு வாரத்தில் ஓர் அதிகாரத்தையும் முடியான். இறுதித் தேர்வெழுதி நீங்கும் மூத்த மாணவர், தம் பள்ளி நூல்களைக் கடலை மடிக்க அனுப்பாது அவ்வலமாரிக்கு அளிக்கலாம். விடைப்பக்கம் கிழிந்த நூலாயின், வேறு படியைப் பார்த்து அப்பக்கத்தை எழுதிச் சேர்த்தபின் தருக.