சுத்திப் போனா ஈஸியா ஏறிடலாமே!

போன சனிக்கிழமை ராத்திரி ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு படம் பார்த்துக் கொண்டிருந்தேன். திரையில் ஒருவர் பாறையில் ஏறப் பார்க்கிறார், விழுகிறார். மறுபடி ஏறுகிறார், மறுபடி விழுகிறார். பாறை என்னவோ எங்கள் வீட்டு மொட்டை மாடி உயரம்தான். தண்ணீர் குடிக்க வந்த அப்பா பின்னால் நின்று அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா, அந்தப் பக்கமா சுத்திப் போனா ஈஸியா ஏறிடலாம் போலிருக்கே? இவன் எதுக்கு இங்கேயே தொங்கிட்டிருக்கான்? நம்ம மலைக்கோட்டைக்குப் படி வெட்டி வச்சது எதுக்கு?"

திருச்சிக்காரர் வேறு எப்படிக் கேட்பார்! என்னிடம் அப்போது பதில் இல்லை. ரெண்டு நாள் யோசித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் தெரியாதவர்களுக்காக: இதன் பெயர் போல்டரிங். கயிறு கிடையாது, கொக்கி கிடையாது. ஒரு ஜோடி ஷூ, கை வியர்க்காமல் இருக்க சாக் பவுடர், கீழே விழுந்தால் தாங்க ஒரு மெத்தை. அவ்வளவுதான். பாறை பெரும்பாலும் நாலைந்து மீட்டர். ஏற வேண்டிய ஒவ்வொரு வழியையும் அவர்கள் 'ப்ராப்ளம்' என்கிறார்கள். 1950-களில் இதைத் தனி விளையாட்டாக வளர்த்த அமெரிக்கர் ஜான் கில் ஒரு கணிதப் பேராசிரியர் என்பது கூடுதல் பொருத்தம் :-)

பாறையேற்றப் படம் என்றதும் எல்லோரும் சொல்வது 'ஃப்ரீ சோலோ' (2018). அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று யோசெமிட்டியின் எல் கேப்பிடன் பாறையில், கிட்டத்தட்ட 3000 அடி, கயிறே இல்லாமல் ஏறிய கதை. ஆஸ்கரும் வாங்கியது. நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்க்கும்போது நமக்குள் ஓடுவது ஒரே கேள்வி: "விழுவானா, மாட்டானா?" படம் பிடித்தவர்களில் ஒருவரே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். பார்த்து முடித்ததும் உள்ளங்கை வியர்த்திருக்கும். நம் வாழ்க்கைக்கு எடுத்துப் போக என்ன இருக்கிறது? அவர் விழவே முடியாது. நாமோ விழுந்துகொண்டே இருக்கிறவர்கள்.

என் கட்சி இதுதான்: வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்தவை போல்டரிங் படங்கள். அங்கே விழுவது முடிவல்ல. படத்தில் முக்கால்வாசி நேரம் விழுந்துகொண்டேதான் இருப்பார்கள்.

அப்பா பார்த்தது 'தி லாப்னோர் ப்ராஜெக்ட்' என்ற குறும்படம். பின்லாந்துக்காரர் நாலே ஹுக்கதைவல் தன் நாட்டிலேயே ஒரு பாறையைப் பிடித்துக் கொண்டு 2013-லிருந்து போராடி, 2016 அக்டோபரில் ஏறி முடித்தார். அதற்கு 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று பெயர் வைத்தார். உலகத்தில் 9ஏ என்று தரம் குறிக்கப்பட்ட முதல் போல்டர் அது. ஏறுவது சில நொடி வேலை. அதற்கு மூன்று வருஷத்துக்கு மேல்!

இங்கே நான் கொஞ்சம் சொந்தக் கதை சொல்லியாக வேண்டும். பி.காம் மூன்றாம் ஆண்டோடு சி.ஏ. இன்டரும் எழுதிக் கொண்டிருக்கிறேன். ரெண்டு தடவை போச்சு. ரெண்டு தடவையும் காஸ்டிங் பேப்பர். அந்தப் பேப்பரில்தான் 'சங்க் காஸ்ட்' என்று ஒரு பாடம் வரும். ஏற்கெனவே செலவாகித் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவில் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. "இவ்வளவு வருஷம் போட்டாச்சே" என்று தொடர்வது கணக்குப்படி முட்டாள்தனம். அப்படியானால் நாலே முட்டாளா? நானும்தானா?

படத்தை இன்னொரு முறை பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவர் ஒரே விழுகையைத் திரும்பத் திரும்ப விழவில்லை. கால் வைக்கும் இடத்தைப் பார்க்கிறார். விரல் பிடிக்கும் கோணத்தைப் பார்க்கிறார். குளிரில் பாறை நன்றாகப் பிடிக்கும் என்று அதற்காகக் காத்திருக்கிறார். ஒவ்வொரு தோல்வியும் ஏதோ ஒரு தகவலைக் கொடுக்கிறது. 2023 ஏப்ரலில் அதே பாறையை இரண்டாவதாக ஏறியவர் ஸ்காட்லாந்தின் வில் போசி. அவர் அந்தப் பிடிகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து உருவாக்கிய நகலில் பயிற்சி எடுத்துவிட்டுப் போனவர். நம் பாஷையில் மாக் டெஸ்ட்!

நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ரெண்டாவது தடவையும் அதே நோட்ஸ், அதே ஊரெல்லாம் தூங்கும் நேரத்துப் படிப்பு, அதே கடைசி வாரத் தலைகீழ் ஓட்டம். அது ரெண்டு முயற்சி இல்லை மக்களே. ஒரே முயற்சியை ரெண்டு தடவை செய்திருக்கிறேன்.

இன்னும் ரெண்டு படம்:

'ஆஷிமா' (2023): நியூயார்க்கில் வளர்ந்த ஆஷிமா ஷிரைஷி 13 வயதில் தென்னாப்பிரிக்காவின் ராக்லாண்ட்ஸில் வி14 தரப் பாறையோடு மோதுவது. கோச் அவள் அப்பாதான். அவர் பழைய பூட்டோ நடனக் கலைஞர். பிள்ளையை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்ற கேள்வி நம் வீட்டு ஹாலுக்கும் பொருந்தும். அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள்.

'தி டான் வால்' (2017): இது பெரிய சுவர், கயிறும் உண்டு. ஆனால் டாமி கால்ட்வெல்லோடு போகும் கெவின் ஜார்கசனுக்குப் போல்டரிங்தான் பூர்வீகம். 2015 ஜனவரியில் 15-வது பகுதியில் மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் விழுகிறார். விரல் தோல் கிழிய, ஆறுவதற்காகக் காத்திருக்கிறார். முன்னால் போய்விட்ட டாமி அவரை விட்டுவிட்டுப் போகாமல் நிற்கிறார். கடைசியில் 19 நாளில் இருவரும் சேர்ந்தே உச்சி தொடுகிறார்கள். எனக்குப் பாறையை விட அந்தக் காத்திருப்புதான் பிடித்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படங்களில் ஸ்லோ மோஷன் அதிகம், "கமான்" கூச்சல் ஜாஸ்தி. அதைவிட முக்கியமாக, வருஷக் கணக்கில் ஒரு பாறையோடு இருக்க யாருக்கு வசதி இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஸ்பான்சர் இருப்பவன் நாலு வருஷம் விழலாம். பரீட்சை ஃபீஸை அப்பா கட்டும் வீட்டில் ஒவ்வொரு விழுகைக்கும் ரசீது உண்டு. அதனால்தான் எப்படி விழுகிறோம் என்பது நமக்கு இன்னும் முக்கியம்.

நேற்று அப்பாவிடம் பதில் சொன்னேன். "மேல போறது நோக்கம் இல்லப்பா. இந்தப் பக்கமா போக முடியுமான்னு பார்க்கறதுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "சரி, உன் காஸ்டிங்குக்கு இந்தத் தடவை எந்தப் பக்கமா ஏறப் போறே?"

நியாயமான கேள்வி. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பி.கு: படம் பார்த்த வேகத்தில் பக்கத்து மலையில் தனியாக ஏறிப் பார்க்காதீர்கள். மெத்தையும், கீழே நின்று பிடிக்க நாலு நண்பர்களும் இருந்தால்தான் அது போல்டரிங். இல்லையென்றால் அது வேறு படம்!