அடைபட்ட கோழிக்கும் அலுவல் வேண்டும்

“மனிதனுக்கே பொழுதுபோக்க வழியில்லை, கோழிக்கு எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம்; விடை வேடிக்கையன்று. அடைத்து வளர்க்கப்படும் கோழியின் நலமும் சில வேளைகளில் அதன் உயிருமே அதில் அடங்கியுள்ளன.

முன்பெல்லாம் நம் ஊர்க் கோழிகளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் போதும். குப்பைமேடு, மாட்டுத்தொழுவம், வைக்கோற்போர், வேலியோரம் என்று அந்திவரை திரிந்து தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ளும். இன்றோ மனைகள் சுருங்கிவிட்டன. தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன. அண்டை வீட்டுச் செடியைக் கிளறினால் சண்டை வருகிறது. ஆகவே, கொல்லையில் கம்பிவலை அடித்துக் கோழியை அடைக்கிறோம். அது குற்றமில்லை. வேளைக்கு இரண்டு பிடி தீனியைத் தட்டில் வைத்ததும் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோமே, அதுதான் குற்றம்.

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. விலங்குக்காட்சிச் சாலையில் வாழ்ந்த செங்காட்டுக்கோழிகளை உற்றுநோக்கிய ஆங்கில அறிஞர் மரியன் டாக்கின்ஸ் தம் முடிவுகளை 1989-இல் வெளியிட்டார். நாள்தோறும் தீனி கிடைத்தும், அவை இயங்கிய நேரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் நிலத்தைக் கொத்துவதும், 34 விழுக்காட்டில் நிலத்தைக் கிளறுவதும் காணப்பட்டன. 1972-இல் டங்கன், ஹியூஸ் என்னும் இருவர் கண்டது இன்னும் வியப்பானது. பக்கத்தில் தீனி தாராளமாக இருந்தபோதும், கோழிகள் ஒரு பொத்தானைக் கொத்தி, அதற்குக் கூலியாக விழுந்த தீனியையும் உண்டன. உழைத்து உண்பதில் கோழிக்கும் ஓர் இன்பம் உண்டு போலும்!

அந்த உழைப்பைப் பறித்துவிட்டால் அலகு சும்மா இருக்குமா? நிலத்தைக் கொத்தவேண்டிய அலகு அடுத்த கோழியின் இறகைக் கொத்தும். இரத்தம் கசிந்தால் மற்றவையும் கூடிக் கொத்தும். நலிந்த கோழி மாண்டும் போகும். நெரிசலும் சத்துக்குறைவும் இதற்குக் காரணங்களே. எனினும் வேலையின்மையும் ஒரு பெருங்காரணம். பண்ணைகள் கண்ட மருந்தோ அலகின் நுனியை வெட்டுவது! நோய் கொட்டிலில் இருக்க, கத்தி அலகின்மேல் விழுவது என்ன நியாயம்?

வீட்டில் வளர்ப்போர்க்கு மாற்று மிக எளிது, செலவும் இல்லை. கொட்டில் தரையில் சருகும் வைக்கோலும் பரப்பி, தானியத்தில் ஒரு பகுதியை அதனுள் தூவலாம். கீரைக்கட்டைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் எட்டி எட்டிக் கொத்தும். மூலையில் உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் புழுதிக் குளியலாயிற்று. பேன் தொல்லையும் குறையும். இரண்டு உயரங்களில் மரக்கிளைகளைக் கட்டினால், துரத்தப்படும் கோழி ஏறித் தப்பிக்கொள்ளும்.

நம் கிராமத்து மூதாட்டியரின் முறை ஒன்றும் உண்டு. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன கயிறு ஆகியவற்றை இட்டு, நீர் தெளித்து, மாலையில் கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் கறையான் திரண்டிருக்கும். குஞ்சுகளுக்கு அது புரதச் சத்து. பொறுக்கித் தின்பது வேலையும் ஆயிற்று. இதனை அவர்கள் எந்தக் கல்லூரியில் கற்றார்கள்?

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நனைந்த சருகில் பூஞ்சை பிடிக்கும், உடனே மாற்றவேண்டும். நைலான் நூலும் பிளாஸ்டிக் துண்டும் கொட்டிலில் கிடக்கலாகாது. விழுங்கினால் இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்பர் சிலர். தட்டில் கொட்டும் தானியத்தைத் தரையில் தூவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஐரோப்பிய ஒன்றியம் 2012 சனவரி முதல், முட்டைக்கோழிகளை வெறுங்கூண்டில் அடைப்பதைத் தடைசெய்தது. கூண்டிலே வளர்த்தாலும் முட்டையிட மறைவிடமும், அமரக் கொம்பும், கொத்திக் கிளறப் படுகையும் வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நம் கொல்லைப்புறத்து நான்கு கோழிகளுக்கு நல்லது செய்யச் சட்டம் வரவேண்டியதில்லை. மாணவ நண்பர்களே, விடுமுறையில் வீடு செல்லும்போது தீனித் தட்டை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு, தானியத்தைச் சருகில் தூவிப் பாருங்கள். கோழியின் வேலையைப் பறித்தவர்கள் நாம். அதைத் திருப்பித் தரவேண்டியவர்களும் நாமே.