வெள்ளிக் காசைத் தேய்க்காதீர்கள்!

பொங்கல் வந்தால் வெள்ளிச் சாமான்கள் எல்லாம் பெட்டியை விட்டு வெளியே வரும். குங்குமச் சிமிழ், காமாட்சி விளக்கு, டம்ளர்... திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நினைவு நாணயத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். அதுதான் தவறு!

ஒரு வீட்டில் காந்தி நாணயம் பார்த்தேன். பாட்டியின் கணவர் ஆசையோடு வாங்கி வந்த காசு. ஆண்டுதோறும் தேய்த்ததில் காசு மின்னியது. காந்தி அடிகளின் முகம்தான் மங்கிவிட்டது! "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன், பார்த்தாயா தம்பி?" என்றார் பாட்டி. நான் என்ன பதில் சொல்வேன்?

எடை மட்டும் அல்ல

அது காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் இந்திய அரசாங்கம் வெளியிட்ட 10 ரூபாய் நாணயம். எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அதாவது 12 கிராம்.

சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972-ல் வந்த 10 ரூபாய் நாணயம் இன்னும் கனமானது. எடை 22½ கிராம். ஆனால் அதில் பாதிதான் வெள்ளி!

அழித்தால் கிடைப்பது இவ்வளவுதான். ஒரு ஜோடி கொலுசுக்குக்கூடக் காணாது. முகமும், எழுத்தும், ஆண்டும் தெளிவாக இருந்தால்தான் அது நாணயம். இல்லாவிட்டால் வெறும் வெள்ளித் துண்டு. நாணயம் சேகரிப்பவர்களும், தேய்த்து மின்னும் காசைவிடத் தானாகக் கறுத்த காசையே விரும்புகிறார்கள்.

ஏன் கறுக்கிறது?

காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் மேலே கறுப்புப் படலம் உண்டாகிறது. அது அழுக்கு அல்ல. அதைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது.

எப்படி வைப்பது?

காசின் விளிம்பைப் பிடித்து எடுங்கள். முகத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு. நாணயங்களுக்கென்றே கெட்டியான பிளாஸ்டிக் கூடுகள் விற்கிறார்கள். அதில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் மாட்டவும் வேண்டாம்.

கூடவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: வாங்கியவர் யார், எந்த ஆண்டு, எதற்காக வாங்கினார்? பாட்டி சொல்லாவிட்டால் பேரனுக்கு எப்படித் தெரியும்?

விளக்கு மின்னட்டும். காசு கறுப்பாகவே இருக்கட்டும்!