இளம் நோயாளியின் முகம் நமது வசூல் விளம்பரமல்ல

காத்தான்குடி முதல் ஏறாவூர், ஓட்டமாவடி வரை நமது வட்ஸ்அப் குழுமங்களில் ‘அவசர உதவி’ அறிவித்தல்கள் வராத மாதமில்லை. அண்மையில் எனக்கு வந்த ஒன்றில் பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளையின் படம் இருந்தது. கீமோ மருந்தால் முடி கொட்டிய தலை. கீழே பெயர், விலாசம், நோயின் விபரம், வாப்பாவின் வங்கிக் கணக்கு இலக்கம். நானும் என்னால் முடிந்ததைப் போட்டேன். நாலைந்து குழுமங்களுக்கு அனுப்பியும் விட்டேன். பிறகுதான் மனம் உறுத்தியது. அந்தப் பிள்ளையிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

கொடுப்பதில் நமது சமூகம் பின்நிற்பதில்லை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக 2016இல் கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது, இன மத பேதமின்றி நாடே கைகொடுத்தது. பிரச்சினை கொடுப்பதில் அல்ல, கேட்கும் முறையில்தான் இருக்கிறது.

15 முதல் 39 வயது வரையான புற்றுநோயாளிகளை மருத்துவ உலகம் இன்று தனிப் பிரிவினராகப் பார்க்கிறது. படிப்பு, தொழில், திருமணம் எல்லாம் முடிவாகும் வயது அது. இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றில் குணமாகி நீண்டகாலம் வாழ்பவர்கள் பலர். ஆனால் குணமாகி ஊர் திரும்பும் பிள்ளைக்கு முன்னால் அந்தப் படம் நிற்கிறது. பெண் கேட்டு வருபவர்களின் கைபேசியிலும் அது இருக்கும். இதற்குப் பயந்தே சில குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. வைத்தியரிடம் போவதையும் தாமதிக்கின்றன.

எனவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஸகாத் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். வைத்திய அறிக்கையை நம்பிக்கையான இருவர் பார்த்து உறுதிப்படுத்தட்டும். படமும் பெயரும் இல்லாமல், ஓர் இலக்கத்தின் கீழ், பள்ளிவாசலின் கணக்கிலேயே பணம் சேரட்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருந்தாலும், சில தேவைகளுக்கு முந்நூறு கிலோமீற்றர் தாண்டி மஹரகமவுக்குப் போக வேண்டியிருக்கிறது. பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் நிரந்தர நிதியொன்று இருந்தால் ஒவ்வொரு தடவையும் கையேந்த வேண்டியதில்லை.

பணத்தால் தீராதவையும் உண்டு. சில சிகிச்சைகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். அதுபற்றி சிகிச்சை தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பின்னர் வழியில்லாமல் போகலாம். உயர்தரப் பரீட்சையைத் தவறவிட்ட மாணவனுக்கு ஆசிரியர் வீடு தேடிச் சென்று பாடம் சொல்லலாம். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் தந்திருக்கும் சலுகையை உலமாக்கள் குத்பாவில் எடுத்துச் சொன்னால், நோன்பு பிடிக்க முடியாத இளைஞன் குற்றவுணர்வில் குறுகமாட்டான்.

வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பதன் சிறப்பை அறிந்த சமூகம் நாம். கொடுப்பவருக்கு இருக்கும் அந்த மறைவு, வாங்கும் பிள்ளைக்கும் வேண்டாமா? அடுத்த அறிவித்தல் வரும்போது, அனுப்புமுன் படத்தை நீக்குவோம். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்குப் பூரண ஷிபாவை வழங்குவானாக.