ஐந்தடிப் பாதையும் படத்துக்கு உரியதே

வெளிநாட்டுச் சுற்றுலா ஒரு காலத்தில் வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாக இருந்தது. இன்று நடுத்தரக் குடும்பங்களும் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர் வைப்பில் பணம் சேர்த்து, பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்று வருகின்றன. திரும்பி வரும் வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் கைப்பேசிப் படங்களை எங்களிடம் ஆர்வத்தோடு காட்டுவதுண்டு. மெர்லயன் சிலை, மரினா பே சாண்ட்ஸ், கரையோரப் பூந்தோட்டங்கள், இவற்றின் முன்னே குடும்பத்தார். மகிழ்ச்சியான படங்கள்தான். ஆயினும் ஐந்து நாள் ஒரு நகரில் தங்கியவர்கள், அந்நகர மக்கள் எத்தகைய வீட்டில் வாழ்கிறார்கள், எங்கே உண்கிறார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதைக் காட்டும் ஒரு படம்கூட எடுத்து வருவதில்லை. நாம் எடுக்கும் படங்களில் பாதியாவது அன்றாடக் காட்சிகளுக்கும் சாதாரணக் கட்டடங்களுக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வணிகவியல் படித்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஒரு நிறுவனம் ஆண்டின் கடைசி நாளில் எங்கே நிற்கிறது என்பதை ஐந்தொகை காட்டும். அந்த நிலையை அது எவ்வாறு அடைந்தது என்று அறியக் குறிப்பேட்டையும் பேரேட்டையும் புரட்ட வேண்டும். புகழ்பெற்ற சின்னங்கள் நகரத்தின் ஐந்தொகை. தெருக்களும் வீடுகளும் கடைகளுமே அதன் அன்றாடப் பதிவுகள்.

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளை எடுத்துக்கொள்வோம். கீழே கடை, மேலே குடியிருப்பு. முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும். காற்றும் வெளிச்சமும் வர நடுவில் வானம் பார்த்த முற்றம் உண்டு. கடை வாசலை ஒட்டி, மாடியின் அடியில் நிழலான நடைபாதை ஒன்று வரிசை நெடுகத் தொடர்ந்து செல்லும். மலாய் மொழியில் இதைக் காக்கி லீமா என்பார்கள். ஐந்தடி என்று பொருள். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்துக்கு நெறிமுறை வகுத்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விட வேண்டும் என்றும், அது பொதுமக்கள் நடப்பதற்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றும் விதித்தார். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் கடைக்காரருக்கும் வழிப்போக்கருக்கும் பயன்படும் ஏற்பாடு இது. வழிப்போக்கருக்காகத் திண்ணை கட்டிய நம்மவர்க்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாதையைப் படம் எடுக்க விரும்புவோர் தெருவின் எதிர்ப்புறம் நின்று வண்ண முகப்பை எடுப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பாதையின் உள்ளே சென்று, தூண்கள் வரிசையாகச் சுருங்கிச் செல்வதைப் பார்க்க வேண்டும். கடைக்குக் கடை தரையின் மட்டம் மாறும். பூ வேலைப்பாடுள்ள ஓடுகளும் மாறும். ஒவ்வோர் உரிமையாளரும் தம் பங்கைத் தாமே கட்டியதன் அடையாளம் அது. எந்த வழிகாட்டியும் சொல்லாத செய்தியை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

இன்றைய சிங்கப்பூரை அறிய வேறிடம் செல்ல வேண்டும். 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் அங்கு வாழ்வோரில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் வசிக்கிறார்கள். சுவரில் ஆளுயரத்துக்கும் மேலாக எழுதப்பட்ட கட்டட எண்கள், சன்னல்களுக்கு வெளியே கழிகளில் காயும் துணிகள், வீடுகளின்றித் திறந்து விடப்பட்ட கீழ்த்தளம் ஆகியவை அங்கே காணத்தக்கவை. அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு நாள் மலாய்க் குடும்பத்தின் திருமணம் நடக்கும். மற்றொரு நாள் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கு நடக்கும். அருகிலுள்ள உணவங்காடி நிலையத்தில் காலி மேசையின்மேல் ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டார் என்று பொருள். எவரும் அதை எடுப்பதில்லை. 2020இல் அந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பொட்டலத்தைப் படம் எடுப்பவர், ஒரு சமூகத்தின் பரஸ்பர நம்பிக்கையைப் படம் எடுக்கிறார்.

‘இவ்வளவு செலவு செய்து சென்று, துணி காயும் கழியையா படம் எடுப்பது?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குடும்பப் படங்கள் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் மெர்லயன் 1972 முதல் நிற்கிறது. அதை நம்மைவிடச் சிறப்பாகப் படம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். நாம் தங்கிய விடுதியின் பின்தெருவில், நாம் நடந்த அந்தக் காலையில், கடைக்காரர் கதவைத் திறந்த காட்சியை நம்மைத் தவிர வேறு எவரும் எடுத்திருக்க மாட்டார்கள். அதற்கு நுழைவுச் சீட்டும் இல்லை. காலைச் சிற்றுண்டிக்கு முன் அரைமணி நேர நடை போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, ‘இது ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?’ என்று கேட்டு ஆளுக்கு ஐந்து படங்கள் எடுக்கச் சொல்லலாம்.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. சின்னங்கள் பாதுகாக்கப்படுகின்றன, சாதாரணக் கட்டடங்கள் சத்தமின்றி மறைகின்றன. பாரிஸ் நகரின் பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் மாடிப்படிகளையும் பல்லாண்டுகள் படம் எடுத்து, 1927இல் மறைந்தவர் யூஜீன் அட்ஜே. ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் பயன்படும் ஆவணங்கள் என்று சொல்லி அவர் விற்ற படங்களே மறைந்த பாரிஸுக்கு இன்று சான்றாக நிற்கின்றன. சிங்கப்பூரிலும் அவ்வாறே. 1960இல் திறக்கப்பட்ட செங்கல் நிறத் தேசிய நூலகக் கட்டடம், சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. 1976இல் எழுந்த 38 மாடிப் பேர்ல் பேங்க் குடியிருப்பும் இன்று இல்லை. வங்கித் துறையைச் சேர்ந்த எனக்கு எல்லாவற்றிலும் பெரிய இழப்பாகத் தோன்றுவது, மார்க்கெட் தெருவில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் சிறிது இடம், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. அவ்வளவே முதலீட்டுத் தோற்றம்; அங்கிருந்துதான் சிறு வணிகர் பலருக்குக் கடன் கிடைத்தது. நகர மையம் புதுப்பிக்கப்பட்டபோது அக்கட்டடங்கள் மறைந்தன. யாரோ சிலர் அவற்றையும் படம் எடுக்கத் தக்கவை என்று எண்ணியதால்தான் அவற்றின் உருவத்தை நாம் இன்று காண முடிகிறது.

ஆனால் அன்றாடக் காட்சி என்பதில் மனிதர்களும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பகுதியின் புல்வெளிகளிலும் கடைத்தெருக்களிலும் நம் ஊர்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள் கூடுவார்கள். வாரம் முழுவதும் உழைத்துவிட்டு நண்பர்களோடு அமர்ந்திருக்கும் அவர்களைத் தொலைவிலிருந்து வேடிக்கைப் பொருள்போலப் படம் எடுப்பது முறையன்று. அவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி நம் கிளைகளின் வழியாகவே அவர்கள் இல்லங்களைச் சேர்கிறது. அருகில் சென்று, ‘எந்த ஊர், அண்ணா?’ என்று இரண்டு வார்த்தை பேசி, அவர் இசைந்தால் எடுக்கலாம். மறுத்தால் வணங்கி விலகலாம். பேசியதே பயணத்தின் பேறு. வழிபாட்டுத் தலங்களிலும் துக்க வீடுகளிலும் இதே நெறி பொருந்தும். விமான நிலையக் குடிநுழைவுப் பகுதியிலும், தடை அறிவிப்புள்ள வளாகங்களிலும் கேமராவை எடுக்கவே கூடாது. அந்த அறிவிப்புகள் பலவற்றில் தமிழும் இருப்பதால், படிக்கவில்லை என்று நாம் சொல்லவும் இயலாது.

எடுத்த படங்களை ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கடவுச்சீட்டும் வங்கி அட்டையும் விமானப் பயண அட்டையும் தெரியும் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்ந்தெடுத்த முப்பது படங்களுக்காவது தெருவின் பெயரையும் தேதியையும், அங்கே நீங்கள் கண்டறிந்த செய்தி ஒன்றையும் எழுதி வையுங்கள். தேதியும் விவரமும் இல்லாத ரசீதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்பதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைக் கையில் எடுக்கும் உங்கள் பேரப்பிள்ளைக்கும் அந்த விவரம் தேவைப்படும். அப்போது அந்தக் கட்டடம் அங்கே இருக்கும் என்பதற்கு எவரும் உறுதி தர முடியாது.