மார்க்கு மட்டும் போதாது; முத்திரையும் வேண்டும்!

"என் பிள்ளை நல்ல மார்க்கு வாங்கிவிட்டான்" என்று ஒரு தாய் சொன்னால் தெருவே நம்பும். கடல் கடந்த கல்லூரி நம்புமா? பாதி நம்பும். மீதிப் பாதிக்கு அத்தாட்சி கேட்கும். அத்தாட்சி சரியாக இல்லாவிட்டால், கைக்கு எட்டிய இடம் நழுவிப் போகலாம்.

எம்.பி.ஏ. என்னும் வணிக நிர்வாகப் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறவர்களில் பலர் எழுதும் பரீட்சை "ஜிமேட்."

ஒரே தராசு

1953-ம் ஆண்டில் ஹார்வர்டு, கொலம்பியா, சிக்காகோ முதலிய 9 அமெரிக்கக் கல்லூரிகள் கூடி யோசித்தன. சர்வகலாசாலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மார்க்குப் போடுகின்றன. ஓரிடத்து 60, வேறோரிடத்து 80-க்குச் சமமாக இருக்கலாம். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தால் என்ன? அந்த யோசனையின் பலனாக 1954-ல் முதல் பரீட்சை நடந்தது. 1976-ல் அதற்கு ஜிமேட் என்று பெயர் வந்தது.

2023 நவம்பரில் புதிய முறை வந்தது. 2 மணி 15 நிமிடத்தில் 64 கேள்விகள். மார்க்கு 205-ல் தொடங்கி 805 வரை போகும். வாங்கிய மார்க்கு 5 ஆண்டுகள் செல்லும்.

இரண்டு விதம்

மார்க்கைக் கல்லூரிக்குத் தெரிவிக்க இரண்டு வழி உண்டு. விண்ணப்பத்தில் மாணவரே எழுதுவது ஒன்று. பரீட்சை நடத்துகிறவர்கள் நேராகக் கல்லூரிக்கு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகாரபூர்வமானது. மாணவர் எடுத்து அனுப்பும் நகல் அதற்கு ஈடாகாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காரணம் இருக்கிறது. பரீட்சைக் கேள்விகளை முன்கூட்டியே வெளியிட்ட ஓர் இணையத்தளம் 2008-ல் பிடிபட்டது. அதைப் பயன்படுத்திய 84 பேரின் மார்க்குகள் ரத்தாயின. அவர்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கும் தகவல் போயிற்று. ஒருவருக்காக இன்னொருவர் எழுதுவதைத் தடுக்க, உள்ளங்கை ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் கருவியும் வந்தது. அது முதலில் வந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

காசுக் கணக்கு

கண்டிப்பு நியாயமே. ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது? புதிய முறையில், மார்க்கு வந்த 48 மணி நேரத்துக்குள் 5 இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 35 டாலர். ஏழு கல்லூரிகளும் முதலிலேயே முத்திரை மார்க்கைக் கேட்டால் 70 டாலர் கூடுதல் செலவு. கெடுவைத் தவறவிட்டாலோ 245 டாலர்!

இதனால்தான் பல கல்லூரிகள் ஒரு நல்ல வழியைக் கைக்கொண்டிருக்கின்றன. விண்ணப்பத்தில் மாணவர் எழுதியதை ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்த பிறகே முத்திரை மார்க்கைக் கேட்கின்றன. சேரப் போகும் ஒரே கல்லூரிக்கு அனுப்பினால் போதும். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால், எழுதிய மார்க்கும் வந்து சேர்ந்த மார்க்கும் வேறுபட்டால்? கொடுத்த இடத்தைக் கல்லூரி பறித்துக்கொள்ளலாம். வேலையை விட்டு, கடனும் வாங்கிய பிறகு அந்தச் செய்தி வந்தால் குடும்பம் என்ன ஆகும்?

பெயரில் கவனம்

தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளிச் சான்றிதழில் "சு. முருகன்" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் "முருகன் சுப்பையா" என்றிருக்கும். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். விண்ணப்பத்திலும் அதே பெயர் இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் மார்க்கு ஒரு பக்கம், மாணவர் ஒரு பக்கம் என்றாகிவிடும்!

ஆகவே கல்லூரியின் விதியை முதலில் படியுங்கள். முத்திரை மார்க்கு எப்போது வேண்டும் என்று பாருங்கள். வாங்கியதை வாங்கியபடி எழுதுங்கள். குறைந்த மார்க்கு வாங்கியவருக்கு மறுபடி எழுத வழி உண்டு. கூட்டி எழுதியவருக்கு வழி அடைபட்டுப் போகும்.